பதவி உயராவிட்டாலும் பொறுப்பு உயரட்டும்

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர் மக்களுக்கு அரசாங்கம் என்றால் முதலில் மூதூர்தான். காணி அனுமதிப்பத்திரம், வீட்டுத்திட்டம், நலன்புரிக் கொடுப்பனவு என்று எந்த அலுவலாக இருந்தாலும் மூதூர் பிரதேச செயலகத்தின் படியேற வேண்டும். பள்ளிக்கூட விடயமென்றால் வலயக் கல்வி அலுவலகம். இப்படியான கந்தோர்களில் பொதுமக்கள் பெரும்பாலும் சந்திப்பது நடுவில் நின்று சுமப்பவர்களை: நிர்வாக உத்தியோகத்தர், காணிப் பிரிவைப் பார்ப்பவர், சமுர்த்தி முகாமையாளர், நிர்வாகக் கிராம உத்தியோகத்தர், கடமை நிறைவேற்று அதிபர். நாடு முழுவதும் இந்த இடங்களில் இருப்பவர்களில் பலர் நாற்பத்தைந்து வயதளவில், இதற்கு மேல் ஒரு படி ஏறுவது கடினம் என்ற நிலைக்கு வந்துவிடுகிறார்கள். ஓய்வுக்கு இன்னும் பதினைந்து வருடம் கிடக்கும். பதவி உயர்வு ஓரிடத்தில் நிற்பது எந்த நிறுவனத்திலும் பெரும்பாலானோருக்கு நடந்தே தீரும், அதைத் தடுக்க யாராலும் முடியாது. ஆனால் அதோடு சேர்ந்து அவர்களுடைய வேலையும் வளராமல் நின்றுபோவதைத் தடுக்க முடியும். நமது அரசாங்க சேவை முதலாவதற்குச் சம்பள ஏற்றத்தால் ஈடுகட்டிவிட்டு, இரண்டாவதை ஒரு பிரச்சினையாகவே எண்ணாமல் விட்டிருக்கிறது. அந்த அலட்சியத்தின் விலையை அந்த உத்தியோகத்தரின் உடம்பும் மனமும் கொடுக்கின்றன. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் சனமும் கொடுக்கிறது.

முகாமைத்துவ ஆய்வாளர்கள் இந்தத் தேக்கத்தைப் பற்றி அரை நூற்றாண்டாகப் பேசி வருகிறார்கள். 1977இல் பெரன்ஸ், ஸ்டோனர், வாரன் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், மேலும் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைந்துபோன கட்டத்தைத் தேக்கம் என்று வரையறுத்தார்கள். மேலே போகப் போக இருக்கைகள் குறைவதால் இது தவிர்க்க முடியாதது என்பதும் அவர்கள் சொன்னதே. அவர்களுடைய கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. தேங்கியவர்களை அவர்கள் இரண்டு விதமாகப் பிரித்தார்கள்: இனி உயரமாட்டார் என்றாலும் வேலையைச் செவ்வனே செய்பவர், வேலையையும் கைவிட்டுவிட்டவர். எந்த நிறுவனத்தின் அன்றாட வேலையிலும் பெரும்பகுதியைத் தூக்கிச் சுமப்பது முதல் வகையினர்தான் என்றும், ஆனால் நிர்வாகத்தின் கவனம் வளர்ந்து வருகிற கெட்டிக்காரர்களிடமும் கைவிட்டவர்களிடமுமே போய்விடுகிறது என்றும் அவர்கள் எச்சரித்தார்கள். கவனிக்கப்படாத நல்ல ஊழியர் மெல்ல மெல்ல இரண்டாம் வகைக்கு நகர்கிறார். 1986இல் ஜூடித் பார்ட்விக் என்ற உளவியலாளர், பதவி நிற்பது வேறு, வேலையில் கற்றுக்கொள்ள ஏதுமில்லாமல் போவது வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார். முன்னதைப் பதவித் தேக்கம் என்றும் பின்னதை வேலைத் தேக்கம் என்றும் இங்கே வைத்துக்கொள்வோம்.

இந்தப் பிரிப்பு வெறும் ஏட்டு விவகாரமாக நிற்கவில்லை. 1990இல் ஜோர்ஜியா சாவோ வெளியிட்ட ஆய்வு, ஒருவர் ஒரே பதவியில் எத்தனை வருடம் இருந்தார் என்ற கணக்கைவிட, தான் தேங்கிவிட்டேன் என்று அவர் எவ்வளவு தூரம் உணர்கிறார் என்பதே அவருடைய திருப்தியை நன்றாக விளக்குகிறது என்று கண்டது. அதற்குப் பின்வந்த ஆய்வுகள், வேலைத் தேக்கம் முகாமையாளர்களின் திருப்தியைக் கடுமையாகக் குறைக்கிறது என்றும், இரண்டு தேக்கங்களும் ஒருவரிடம் சேரும்போது நிலைமை மோசமாகிறது என்றும் காட்டின. மன அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் விடை இருக்கிறது. சுவீடன், அமெரிக்கத் தொழிலாளர்களின் தரவுகளை வைத்து ரொபர்ட் கராசெக் 1979இல் எழுதியது இது: வேலைப்பளு அதிகமாக இருந்து, முடிவெடுக்கும் உரிமை குறைவாக இருக்கும் இடத்தில்தான் மனிதர் நொந்துபோகிறார். பளு கூடவாக இருந்தாலும் முடிவு தன் கையில் இருந்தால் அவர் தாங்குகிறார், கற்றும் கொள்கிறார்.

இதற்கு வலுவான சான்று அரசாங்க ஊழியர்களிடமிருந்தே வந்தது என்பதை நமது நிர்வாகிகள் கவனிக்க வேண்டும். லண்டன் வைட்ஹோல் அரசாங்க அலுவலகங்களின் ஆண் ஊழியர்களை 1967 முதல் பின்தொடர்ந்த ஆய்வில், மிகக் கீழ்த்தரத்தில் இருந்தவர்களின் இறப்பு வீதம் மிக மேல்தரத்தில் இருந்தவர்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. அவர்கள் யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். எல்லோருக்கும் நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் இலவச வைத்தியமும் இருந்தன. 1985இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. தன் வேலையில் தனக்குச் சொல் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னவர்களிடம் இருதய நோய் ஏறத்தாழ இரட்டிப்பாகக் காணப்பட்டது. மனச்சலிப்பு உள்ளவர் எதையும் குறையாகத்தான் சொல்வார் என்று வாதிடலாம். அதற்காகவே ஆய்வாளர்கள் வெளியாரைக் கொண்டும் அந்த வேலைகளை மதிப்பிடச் செய்தார்கள். அப்போதும் அதே திசையில்தான் முடிவு வந்தது.

இப்போது நமது சேவைக்கு வருவோம். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றுநிருபம் அரசாங்க சேவையின் சம்பளக் கட்டமைப்பை ஒழுங்குபடுத்தியது. அதன்கீழ் மூன்றாம் தரத்தில் சேரும் ஒருவர் குறித்த சேவைக்காலமும் வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையும் முடித்தால் இரண்டாம் தரம், பிறகு முதலாம் தரம் என்று ஏறுகிறார். 2007 ஜூலைக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சியும் கட்டாயமாயிற்று. சம்பளம் ஏறுகிறது, தரம் ஏறுகிறது. ஆனால் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் ஒருவருடைய மேசையைப் போய்ப் பாருங்கள்: மூன்றாம் தரத்தில் பார்த்த அதே கோவை, அதே பதிவேடு, அதே கடமைப் பட்டியல் முதலாம் தரத்திலும் கிடக்கும். இந்தியாவிலும் இதே வழிதான். 2008 முதல் மத்திய அரசு ஊழியர்களுக்கு பத்து, இருபது, முப்பது வருடங்களில் சம்பள நிலை உயர்த்தித் தரும் திட்டம் நடைமுறையில் இருக்கிறது, பதவியும் வேலையும் மாற வேண்டியதில்லை. 2025 வரவு செலவுத் திட்டம் நமது அரசாங்க ஊழியர்களின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாகப் படிப்படியாக உயர்த்த முடிவு செய்தது. விலைவாசி ஏறிய விதத்துக்கு அது அவசியமானது, வரவேற்கிறேன். ஆனால் காசு போதாமையைத் தீர்க்கிற ஏற்பாடு, வேலை போதாமையைத் தீர்க்காது.

பதவி உயர்வுப் பாதையில் நெரிசல் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2012இலும் 2020இலும் பட்டதாரிகள் பல்லாயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் அரசாங்க சேவைக்கு எடுக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். ஒரே வருடத்தில் உள்ளே வந்தவர்கள் ஒரே வருடத்தில் மேலே பார்ப்பார்கள், மேலே அத்தனை கதிரைகள் இல்லை. பிறகு ஓய்வு வயது. 2022ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அது 65 ஆக்கப்பட்டது. பொருளாதாரம் விழுந்ததும் அதே ஆண்டு 60க்கு இறக்கப்பட்டு, டிசம்பர் 31ஆம் திகதியோடு மூத்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். வெற்றிடங்கள் திறந்தன என்று மகிழ இடமிருக்கவில்லை. ஆட்சேர்ப்புக் கட்டுப்பாட்டால் பல இடங்கள் நிரப்பப்படாமல், இருப்பவர் தலையில் பதில் கடமையாக விழுந்தன. பொறுப்பு கூடும், பெயர்ப்பலகை மாறாது. கொடுக்கிற உழைப்புக்கும் கிடைக்கிற மதிப்புக்கும் இடையே இடைவெளி வளரும்போது உடல்நலம் கெடுகிறது என்று ஆய்வாளர் யோகானஸ் சீக்ரிஸ்ட் 1996இல் விளக்கியது இந்த நிலையைத்தான். அதே 2022இல், ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாது என்று 14ஆம் இலக்கச் சுற்றுநிருபம் வந்தது. டொலர் இல்லாத நாட்டில் அதற்கொரு நியாயம் இருந்தது. ஆனால் இங்கே இருந்து இரண்டு பேருடைய வேலையைச் செய்தவருக்கும் வெளியே போனவருக்கும் மூப்பு ஒரே கணக்கில் ஓடுகிறது என்றால், இருந்து செய்தவர் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்?

சம்பூரை எடுத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது தெரியும். 2006 ஏப்ரலில் தொடங்கிய தாக்குதல்களில் ஊர் இடம்பெயர்ந்தது. காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ளும், பிறகு அனல்மின் நிலையம், முதலீட்டு வலயம் என்ற திட்டங்களுக்குள்ளும் போயின. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக்கணக்காக இருந்த மக்கள் 2015 முதல் படிப்படியாகத் திரும்பினார்கள். திரும்பிய ஒரு குடும்பத்தின் காணிக் கோவையைக் கற்பனை செய்து பாருங்கள். அனுமதிப்பத்திரம் ஓடிய ஓட்டத்தில் தொலைந்திருக்கும். பெயரில் இருந்த தகப்பன் முகாமில் இறந்திருப்பார். வேலியும் கிணறும் புல்டோசரில் போயிருக்கும், எல்லைக்கு அடையாளமாக நின்ற மரம் இருக்காது. கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, பழைய காணிப் பதிவேடு, அயல்காணிக்காரரின் சத்தியக்கடதாசி, காணிக் கச்சேரியில் சொன்ன வாக்குமூலம் என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டவைத்துத்தான் யார் காணி எது என்று முடிவு செய்ய வேண்டும். எந்தப் பதிவேட்டில் எந்த வருடத்துப் பக்கம் கிழிந்திருக்கிறது, கூனித்தீவுப் பக்கம் எந்த ஒழுங்கை எந்தப் பெயரால் வழங்கியது, இரண்டு பேர் ஒரே பெயரில் இருந்தால் எவர் எந்த வளவுக்காரர் என்பது சுற்றுநிருபத்தில் எழுதியிருக்காது. அது நீண்ட காலம் அந்தப் பிரிவில் இருந்தவரின் தலைக்குள் இருக்கும். நமது அமைப்பு அவரை எப்படிப் பயன்படுத்துகிறது? அவர் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து, பென்சிலால் ஒரு குறிப்பு வைத்து, மேலே அனுப்புகிறார். இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை மாறிப்போகிற மேலதிகாரி அதற்குமேல் கையெழுத்து வைக்கிறார். கோவையில் தேடிப் பிடித்தவருடைய பெயருமில்லை, அவர் சொன்ன காரணமுமில்லை. அடுத்த மேலதிகாரி வந்ததும் அதே கேள்வி, அதே தேடல். இதை இருபது வருடம் செய்தவர் ஒரு நாள் தேடுவதை நிறுத்திவிட்டு, ஆவணம் இல்லையென்றால் செய்ய ஒன்றுமில்லை, பிறகு வாருங்கள் என்று சொல்லத் தொடங்கினால், அந்தச் சொல்லை அவருடைய சோம்பல் என்று மட்டும் எழுதிவிட முடியாது.

சமுர்த்தி முகாமையாளர்களின் கதை இன்னொரு வகை. 1995இல் தொடங்கிய சமுர்த்தியின் மையமான வேலை உதவி பெறும் குடும்பங்களைப் பார்த்துக்கொள்வது. 2023இல் அஸ்வெசும என்ற நலன்புரித் திட்டம் வந்ததும் அந்தக் கொடுப்பனவு நலன்புரி நன்மைகள் சபையின் கைக்கு மாறியது. அரசியல் தலையீட்டைக் குறைக்கும் என்பதால் மாற்றத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் ஒரு குடும்பத்தின் நிலை ஏன் இப்படியானது என்று வருடக்கணக்கில் பார்த்துப் பழகியவர்களின் பார்வைக்குப் புதிய அமைப்பில் எந்த இடம் என்ற கேள்வியை யாரும் ஊன்றிக் கேட்டதாகத் தெரியவில்லை. தனியார் துறையிலும் இதன் சாயல் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி மா ஆலையும் சீமெந்து ஆலையும் எண்ணெய்க் குதங்களும் இருக்கின்றன, ஆனால் பெரிய முடிவுகளும் பெரிய பதவிகளும் கொழும்பில். ஆலையில் ஒரு பிரிவுக்குத் தலைவரானவருக்கு அடுத்த படி என்பது ஊரை விட்டுப் போவது. 2025 ஏப்ரலில் சம்பூரில் 120 மெகாவோட் சூரிய மின் திட்டத்துக்குத் தொடக்க விழா நடந்தது. இப்படியான மின் நிலையங்களை ஓட்டுவதற்கு ஆட்கள் குறைவாகவே வேண்டும். அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் மேலே படிகள் அதிகம் இருக்கப்போவதில்லை.

இதையெல்லாம் கேட்டு ஒருவர் சொல்லக்கூடும்: கடலுக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்றிருக்கிற ஊரில், மாதம் பிறந்தால் சம்பளமும் கடைசியில் பென்ஷனும் உள்ளவருடைய மனக்குறை ஒரு குறையா? இந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. கடலுக்குப் போகிறவரின் துன்பம் பெரிது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கடற்றொழிலாளி தன் வள்ளம் சேதமானதற்கு நட்டஈடு கேட்டுப் போவதும், அவருடைய மனைவி வளவுக்குப் பத்திரம் கேட்டுப் போவதும் இந்த உத்தியோகத்தரிடம்தான். மனம் விட்டுப்போன ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்தால், ஒரு நாள் தொழிலை விட்டு வந்தவர் மூன்று நாள் தொழிலை விட வேண்டிவரும். உத்தியோகத்தரின் திருப்தியைப் பற்றிப் பேசுவது அவருக்குச் சலுகை கேட்பதற்கல்ல, வந்தவரின் மூன்று நாளை ஒரு நாளாக்குவதற்கு.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. மூப்புப்படி உயர்த்துவதும், எல்லாவற்றையும் சுற்றுநிருபத்தால் கட்டிவைப்பதும் நமக்குப் பாதுகாப்பு அல்லவா? தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் மாவட்டத்தில், நடுமட்ட உத்தியோகத்தருக்குத் தன்னிச்சையான அதிகாரம் கொடுத்தால் அது இனத்தின் பக்கமோ கட்சியின் பக்கமோ சாயாதா? இந்தப் பயம் அனுபவத்திலிருந்து வந்தது, அதை மதிக்க வேண்டும். மூப்பு விதியைக் கைவிடச் சொல்லவும் இல்லை. பதவி உயர்வுக்கு அது இருக்கட்டும். நான் கேட்பது பொறுப்பைப் பற்றியது. இப்போதும் முடிவை உண்மையில் உருவாக்குவது அந்த நடுமட்ட உத்தியோகத்தரே. ஆனால் அவருடைய பங்கு பென்சில் குறிப்பாக மறைந்து கிடப்பதால் அதை யாரும் கேள்வி கேட்க முடிவதில்லை. சாய்வு ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. பெயரோடும் காரணத்தோடும் எழுதப்பட்ட முடிவை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் யாரும் கேட்டுப் பெறலாம், மேன்முறையீடு செய்யலாம்.

அதிகாரத்தைக் கீழே இறக்குவது நமக்குப் புதிதும் அல்ல. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் அரசாங்க அதிபரிடம் இருந்த பல அதிகாரங்களைப் பிரதேச செயலாளருக்கு மாற்றியது. திருகோணமலைக் கச்சேரி வரை போக வேண்டியிருந்த பல அலுவல்கள் மூதூரிலேயே முடியும் நிலை அதனால் வந்தது. அன்றும் கீழே போனால் கெட்டுவிடும் என்ற தயக்கம் இருந்திருக்கும். முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்த இறக்கம் பிரதேச செயலாளரின் மேசையோடு நின்றுவிட்டது. காணி அனுமதிப்பத்திரம் போன்றவற்றில் சட்டம் அவருடைய கையெழுத்தைக் கேட்கிறது, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் விசாரணை அறிக்கை, வதிவிட உறுதிப்படுத்தல், விண்ணப்பத்தின் முதற்கட்டத் தீர்மானம் போன்றவற்றில் முதலாம் தரத்துக்கு வந்த உத்தியோகத்தர் தன் பெயரில் எழுதி ஒப்பமிட என்ன தடை?

வேறு சிலர் சொல்வார்கள்: எல்லோரும் ஏறத் துடிக்கவில்லை, பிள்ளைகளின் படிப்புக்காகவும் வயதான பெற்றோருக்காகவும் கிடைத்த பதவி உயர்வையே வேண்டாமென்று ஊரோடு இருப்பவர்கள் எத்தனை பேர். உண்மை. குறிப்பாகப் பெண் உத்தியோகத்தர்கள் பலர், உயர்வோடு வரும் தூர இடமாற்றத்துக்குப் பயந்தே பரீட்சைக்குப் போவதில்லை. இது என் வாதத்துக்கு எதிரானதல்ல. ஏணியில் ஏற விரும்பாதவர் வேலையில் வளர விரும்பாதவர் ஆகிவிடமாட்டார். ஏறினால்தான் வளரலாம் என்று அமைப்பு கட்டிவைத்திருப்பதால்தான் அவர் ஊரா, வளர்ச்சியா என்று தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஏற்றிவிடுவது எப்போதும் நல்ல பரிசு என்பதும் நிச்சயமில்லை. அமெரிக்காவின் நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் விற்பனையாளர்களை ஆராய்ந்து பென்சன், லீ, ஷூ ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் விற்றவர்கள் முகாமையாளராக உயர்த்தப்பட்ட பிறகு அவர்களின்கீழ் இருந்தவர்களின் விற்பனை குறைந்தது. கைவேலையில் தேர்ந்தவருக்குக் கைவேலையிலேயே மதிப்பைக் கூட்டுவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

செலவைக் காட்டி இதைத் தள்ளிப்போட முடியாது. சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளுக்குள் புதிய பதவிகளை உருவாக்குவது கடினம், ஆனால் கடமைப் பட்டியலைத் திருத்துவதற்குத் திறைசேரியிடம் காசு கேட்க வேண்டியதில்லை. தரம் உயரும்போது கடமைப் பட்டியலும் கட்டாயம் மாற வேண்டும் என்று பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றுநிருபம் விடட்டும். முதலாம் தரத்துக்கு வந்தவருக்குப் புதிதாக வருபவரைப் பழக்கும் பொறுப்பு எழுத்தில் தரப்படட்டும். ஒரே பிரிவில் பல வருடம் இருந்தவருக்கு, அவர் விரும்பினால், அதே கந்தோருக்குள்ளேயே வேறு பிரிவு கிடைக்கட்டும். பதில் கடமை ஆறு மாதத்தைத் தாண்டினால் அது அவருடைய சேவைப் பதிவில் தகுதியாக எழுதப்படட்டும். முதலில் மூதூர், வெருகல் போன்ற ஒரு சில பிரதேச செயலகங்களில் ஒரு வருடம் நடத்திப் பார்க்கலாம். ஒரு காணிக் கோவை உள்ளே வந்து முடிவாக எத்தனை நாள் ஆகிறது, ஒரே அலுவலுக்கு ஒருவர் எத்தனை தடவை வரவேண்டியிருக்கிறது, நடுமட்ட உத்தியோகத்தர்கள் எத்தனை நாள் சுகயீன விடுமுறை எடுக்கிறார்கள் என்ற மூன்று கணக்கையும் முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தால் போதும். அவற்றுக்கான பதிவேடுகள் கந்தோர்களில் இப்போதே இருக்கின்றன.